"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் தாய்மார்களுக்கு

எங்கள் பொது மருத்துவப் பிரிவில் நாள்தோறும் கேட்கும் சொல் ஒன்று உண்டு. கணவரின் சர்க்கரை அளவைக் காட்ட வந்தவரும், மாமியாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தவரும், காய்ச்சலுற்ற பிள்ளையைத் தோளில் சாய்த்து வந்தவரும் ஒரே விதமாகச் சொல்லும் சொல் அது: "எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

சொல்பவரின் முகம் வெளிறியிருக்கும். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கும். கணவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரும் அளவும் அவருக்கு மனப்பாடம். மாமியாருக்கு இன்சுலின் காலையில் எத்தனை அலகு, இரவில் எத்தனை அலகு என்று தயங்காமல் சொல்வார். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் பத்திரமாக வைத்திருப்பார். "உங்களுக்குக் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தார்கள்?" என்று கேட்டால் மட்டும் சற்றே யோசித்து, "சின்னவன் பிறந்தபோது" என்பார். சின்னவன் இப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பான்.

எங்களிடம் வரும் தாய்மார்களுள் எல்லாச் சமயத்தவரும் உண்டு. இக்கட்டுரை சிறப்பாகக் கிறிஸ்தவக் குடும்பத் தாய்மாரை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது. விசுவாச வாழ்வும் வீட்டு வேலையும் உடல்நலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அவர்களது நாளைப் பற்றி நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஏனைய வாசகர்களும் தத்தம் வீட்டுக்கு ஏற்றவாறு இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஒரு தாயின் நாள்

விடியற்காலை நான்கரை மணிக்கு எழுகிறார். சிலர் முழந்தாளிட்டு ஜெபிப்பார்கள். சிலர் அடுப்பில் பால் பொங்கும் வரையில் நின்றபடியே ஜெபமாலையின் ஒரு பத்தைச் சொல்லி முடிப்பார்கள். பிறகு காலை உணவு, மதிய உணவு, பிள்ளைகளின் சீருடை, முதியவரின் குளியல். ஆசிரியராகவோ செவிலியராகவோ பணிக்குச் செல்பவரும் உண்டு. வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றியோ தையல் தைத்தோ வருவாய் ஈட்டுபவரும் உண்டு. மாலையில் வீட்டுப்பாடம், சமையல், குடும்ப ஜெபம். எல்லோரும் உறங்கிய பின்னரே அவர் விளக்கை அணைக்கிறார்.

வாரநாள்களில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமோ அன்பியக் கூட்டமோ இருக்கும். ஞாயிறன்று காலை ஆராதனைக்கோ திருப்பலிக்கோ பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். திரும்பி வந்ததும் கறிக்குழம்பு வைக்க வேண்டும், விருந்தினரும் வருவர். டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டைச் சுத்தம் செய்து, அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு, நள்ளிரவில் வரும் கீத பவனிக்குத் தேநீர் வைத்துக் காத்திருக்கவும் வேண்டும்.

இவற்றை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஜெபமும் திருச்சபை உறவும் ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய தாங்குதல் என்பதை எங்கள் நோயாளர் பிரிவுகளில் அன்றாடம் காண்கிறோம். மகனின் அறுவைச் சிகிச்சை முடியும் வரை வெளியே கண்மூடி அமர்ந்திருக்கும் தாயை அந்த விசுவாசமே நிலைநிறுத்துகிறது. எங்களுள் பலரும் தாய்மாரே. வெள்ளை அங்கியைக் கழற்றிய பின் நாங்களும் அடுப்பங்கரைக்கே செல்கிறோம்.

ஆனால், அந்த விசுவாசத்தோடு ஓர் எண்ணமும் ஒட்டிக்கொண்டு வருவதைக் காண்கிறோம். தன் உடலைக் கவனிப்பது தன்னலம் என்றும், தன்னைக் கடைசியில் நிறுத்துவதே தியாகம் என்றும் பல தாய்மார் கருதுகிறார்கள். அந்த எண்ணத்தைத் திருமறை ஆதரிக்கிறதா? நற்செய்தியில் உள்ள ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம்.

வழியில் நின்ற இயேசு

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் யவீரு என்னும் ஜெபக்கூடத் தலைவர் இயேசுவிடம் வருகிறார். அவருடைய மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள். அவளுக்கு வயது 12. மருத்துவமனை வழக்கில் சொன்னால், இது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. இயேசு உடனே புறப்படுகிறார். திரளான மக்கள் நெருக்கியபடி உடன் செல்கிறார்கள்.

அக்கூட்டத்தில் 12 ஆண்டுகளாக உதிரப்போக்கால் அவதியுற்ற ஒரு பெண் இருக்கிறார். பல மருத்துவர்களிடம் சென்று, கையிலிருந்த பொருளையெல்லாம் செலவழித்தும் அவர் குணமடையவில்லை. முன்னிலும் மோசமானார் என்று மாற்கு எழுதுகிறார். மருத்துவர்களாகிய எங்களுக்குச் சற்றே கூச்சம் தரும் செய்தி இது. அந்தப் பெண் முன்னால் வந்து பேசவில்லை. தன் குறையைச் சொல்லி நேரத்தை எடுத்துக்கொள்ளத் துணியாமல், பின்னாலிருந்து ஆடையைத் தொட்டுவிட்டு மறைந்துவிட எண்ணுகிறார்.

இயேசு அங்கே நின்றுவிடுகிறார். தொட்டவர் யார் என்று கேட்கிறார். நடுங்கியபடி முன்வந்த அப்பெண் நடந்ததை முழுவதும் சொல்லும் வரை கேட்டிருந்து, அவரை மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்புகிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே யவீருவின் வீட்டிலிருந்து சிறுமி இறந்துவிட்டாள் என்ற செய்தி வருகிறது. அதன் பின்னரே இயேசு அவ்வீட்டுக்குச் சென்று சிறுமியை எழுப்புகிறார்.

ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடும் வேளையிலும், நெடுநாள் நோயுற்ற ஒரு பெண்ணிடம் "உன்னுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லப்படவில்லை. நம் தாய்மார் தமக்குத் தாமே நாள்தோறும் சொல்லிக்கொள்வதை ஆண்டவர் அப்பெண்ணுக்குச் சொல்லவில்லை. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

காத்திருப்பு யாரால்?

நம் நாட்டுப் பெண்கள் மருத்துவத்துக்காகக் காத்திருந்த வரலாறு நீண்டது. 1890-களில் திண்டிவனத்தில் நடந்ததாக ஐடா ஸ்கடர் பின்னாளில் எடுத்துரைத்த நிகழ்ச்சி பலருக்கும் தெரியும். பிரசவ வேதனையில் துடித்த மனைவியருக்காக ஒரே இரவில் மூன்று ஆடவர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். அவரோ அப்போது மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான அவருடைய தந்தையோ ஆண் என்பதால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. 1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன.

அன்று பெண்கள் காத்திருந்ததற்குக் காரணம், அவர்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாமையே. இன்று பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆய்வகம் இருக்கிறது, பல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இருந்தும் தாய்மார் காத்திருக்கிறார்கள். இப்போது காக்க வைப்பது பெரும்பாலும் வீட்டு வேலையும், "எனக்கென்ன" என்ற சொல்லும்தான்.

களைப்பு என்று தள்ளிவிடும் நோய்கள்

"வேலை அதிகம், அதனால்தான் களைப்பு" என்று தாய்மார் சொல்வது பல நேரங்களில் உண்மையே. ஆயினும் களைப்பின் பின்னால் எளிதில் கண்டறியக்கூடிய நோய்கள் மறைந்திருப்பதும் உண்டு. எங்கள் பிரிவில் மிகுதியாகக் காண்பவை நான்கு.

முதலாவது இரத்தசோகை. 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டிலும் பாதிக்கும் மேற்பட்டோர் இந்நிலையில்தான் இருக்கின்றனர். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்ணுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. படியேறினால் மூச்சிரைப்பு, தலைசுற்றல், படபடப்பு, முடி உதிர்தல், அரிசியையோ சாம்பலையோ தின்னத் தோன்றும் ஆசை ஆகியவை அதன் அடையாளங்கள். மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு இதற்கு முதன்மையான காரணம். நற்செய்தியில் வரும் பெண்ணைப்போல ஆண்டுக்கணக்கில் அதைச் சொல்லாமல் சுமப்போர் இன்றும் இருக்கிறார்கள். அது பெண்ணாய்ப் பிறந்ததற்கான விதியன்று. சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய நிலை.

இரண்டாவது தைராய்டு சுரப்புக் குறைவு. உடல் கனத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மறதி, குரல் கரகரத்தல், மாதவிடாய் ஒழுங்கின்மை எனப் பல முகங்களில் இது வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது நீரிழிவு. கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்து, பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டதென்று மறந்துபோன தாய்மாருக்கு அது பின்னாளில் நிலையான நீரிழிவாக மாறும் வாய்ப்பு அதிகம். அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது.

நான்காவது உயர் இரத்த அழுத்தம். பெரும்பாலானோருக்கு இது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலி வந்தால் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140/90-ஐத் தொட்டாலோ மீறினாலோ மருத்துவரைக் காண வேண்டும்.

இவை நான்கையும் அறிய ஒரு முறை இரத்தம் கொடுத்து, கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தால் போதும். ஆகவே, வீட்டில் ஒருவரை எங்களிடம் அழைத்து வரும் நாளில் தாய்மார் தம் பெயருக்கும் ஒரு சீட்டு பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்கென்று தனியாக ஒரு நாள் வர வேண்டியதில்லை. 30 வயதைக் கடந்தவர்கள் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் முன்னறி பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும். அரசு சுகாதார நிலையங்களிலும் இவ்வசதி உண்டு.

தவக்காலமும் மருந்தும்

சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரையிலான நாள்களில், உபவாசம் இருந்து மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்கு வரும் தாய்மாரைக் காண்கிறோம். தென்னிந்தியத் திருச்சபை போன்ற சபைகளில் லெந்து கால உபவாசம் அவரவர் விருப்பப்படி ஏற்பது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய நாள்களில் நோன்பைக் கடமையாக வைத்து, அதை 18 வயது நிறைந்தோருக்கும் 60-ஆம் வயதில் அடியெடுத்து வைக்காதோருக்கும் உரியதாக்குகிறது. தக்க காரணம் இருந்தால் விலக்களிக்கும் அதிகாரத்தைப் பங்குத்தந்தைக்கும் கொடுத்திருக்கிறது. நற்கருணை உட்கொள்வதற்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பிலும் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. அவர்களைப் பராமரிப்போருக்கும் அதே சலுகையைச் சட்டம் பெயர் சொல்லித் தருகிறது. படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு ஆலயத்துக்கு ஓடும் தாயைத் திருச்சபை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே நீரிழிவுள்ள தாய்மாருக்கு எங்கள் வேண்டுகோள்: உபவாசம் தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் பேசுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளை உண்டோ இன்சுலின் போட்டுக்கொண்டோ உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்போர் உணவும் நீருமின்றி இருப்பது வேறு விதமான ஆபத்தைத் தரும். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்துவதும் கூடாது. குறிப்பாக இன்சுலினை முற்றிலும் நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

ஆராதனையின் நடுவே திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, தடுமாற்றம் தோன்றினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். 70 மில்லிகிராமுக்குக் கீழ் சென்றால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கருவி கையில் இல்லாவிடினும் குடித்துவிடுவதே நல்லது. 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, தேறியதும் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கோ வேறு திருத்தலத்துக்கோ பாதயாத்திரை செல்வோர் சர்க்கரைப் பொட்டலத்தையும், காலுக்குப் பொருந்திய காலணியையும், மருந்துச் சீட்டையும் மறக்கலாகாது. நீரிழிவால் உணர்விழந்த பாதத்தோடு வெறுங்காலில் நடப்பது ஆறாத புண்ணில் முடியும்.

உணவைத் துறக்க இயலாதவர் வேறொன்றைத் துறக்கலாம். இரவில் கைப்பேசியைத் துறந்து ஒரு மணி நேரம் முன்னதாக உறங்குவதும் அவருக்கு ஒரு தவமே.

ஜெப வேளையோடு மாத்திரை

எங்கள் அனுபவத்தில் பயன் தந்த எளிய வழியொன்றைச் சொல்கிறோம். மாத்திரையை மறக்கும் தாய்மார் ஜெபத்தை மறப்பதில்லை. ஆகவே மாத்திரையை ஜெப வேளையோடு இணைத்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் காலை ஜெபத்துக்கு அமருங்கள். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காப்பியோ தேநீரோ அருந்தலாகாது. உடனே அருந்தினால் மருந்து சரிவரச் சேராது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

இரும்புச்சத்து மாத்திரைக்கு நண்பகல் பொருந்தும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சேர்ந்தால் சத்து நன்கு சேரும். தேநீர் அதைத் தடுக்கும். மலம் கறுத்துப் போவது இயல்பே. வயிற்றைப் புரட்டினால் உணவுக்குப் பின் உண்ணலாம்; நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்பச் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும்.

இரவு மாத்திரையைக் குடும்ப ஜெபத்தோடு சேர்த்துவிடலாம். திருமறை வைத்திருக்கும் அலமாரியில், சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், அம்மாவின் மருந்துப் பெட்டிக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

எலியாவுக்குக் கிடைத்த சிகிச்சை

உடல் நோயைவிடச் சொல்லத் தயங்கும் துன்பம் மனச்சோர்வு. "ஜெபிக்கிறேன் டாக்டர், ஆனாலும் மனம் கனக்கிறது, என் விசுவாசத்தில்தான் குறையோ?" என்று தாய்மார் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. பிள்ளை பெற்ற சில வாரங்களில் இப்படித் தவிப்போரும் உளர்.

அரசர்களின் முதலாம் நூலில் எலியா இறைவாக்கினர் சோர்ந்துபோய், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் அமர்ந்து, சாவே மேல் என்று வேண்டுகிறார். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டிப்பன்று, போதனையுமன்று. அவர் உறங்கவிடப்பட்டார். தூதர் எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்கினார், மறுபடியும் உணவு கொடுக்கப்பட்டது. பயணம் தொலைவானது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த உணவின் வலிமையில் 40 நாள் நடந்த பின்னரே அவர் ஓரேபு மலையில் ஆண்டவரின் மெல்லிய குரலைக் கேட்டார்.

எனவே, சோர்வு விசுவாசக் குறைவின் அடையாளமன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, குற்றவுணர்வு நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். ஜெபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணமோ, பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணமோ தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

தாமதிக்கக் கூடாதவை

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலியாக வருவதில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடை, தோள், முதுகு ஆகியவற்றில் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், இதுவரை அறியாத அசதி எனவும் வரலாம். "வாயுப்பிடிப்பு" என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்ளாதீர்கள். முகம் ஒருபுறம் கோணுதல், கை வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுக்கு உடனே 108. மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மணிக்கு ஓர் அணையாடை நனையுமளவு போக்கு ஆகியவற்றையும் வெட்கத்தால் மறைக்கலாகாது.

குடும்பத்தாருக்கு

இவற்றையெல்லாம் தாய் தனியே செய்துகொள்ள இயலாது. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரருக்கும் கால்நடைக்கும்கூட ஓய்வு வேண்டுமென்கிறது. நம் வீடுகளிலோ ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவுக்கு மிகுந்த வேலையுள்ள நாள். ஆலயத் திருவிழா அசனத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு வாளி தூக்கிப் பரிமாறும் ஆண்களுக்கு, வீட்டில் நான்கு பேருக்குச் சோறு வடிப்பது கடினமாய் இராது. ஞாயிறு மதியச் சமையலைக் கணவரும் பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால், வாரத்தில் ஒரு பகலேனும் அவர் உறங்குவார்.

உண்ணும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கத்தில், கறியும் முட்டையும் கீரையும் அவர் தட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. இரத்தம் குறைந்தவருக்கே இரும்புச்சத்துள்ள உணவு கிடைக்காமற் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்பதே அதற்கு மாற்று.

ஆலயப் பொறுப்பாளருக்கும் ஒரு விண்ணப்பம். பெண்கள் கூட்டங்களின் முடிவில், மாதம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எங்களிடம் கேட்டால் செவிலியரை அனுப்பி வைக்கிறோம்.

யவீருவின் மகள் எழுந்ததும், வியப்பில் ஆழ்ந்து நின்ற பெற்றோரிடம் இயேசு சொன்னது, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. அற்புதத்துக்குப் பின்னும் ஒரு பிடி உணவு தேவைப்பட்டது. அதை எடுத்துக் கொடுக்கும் வேலை வீட்டாருக்கு விடப்பட்டது. உங்கள் வீட்டிலும் அந்த வேலை காத்திருக்கிறது. இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளுள் ஒருவர் அம்மாவிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "சாப்பிட்டீர்களா அம்மா? மாத்திரை போட்டீர்களா?" பதில் வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.